ஒரே அடியில் விழும் காப்ளின்கள்: ஆறு வருட அனுபவம்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் நகர முடியாது. 2019-இல் அப்படி ஒரு மழையில்தான் ஐந்து பேர் சேர்ந்து பகடை உருட்டிக் கதை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்தோம். கதையை நடத்தும் டிஎம் வேலை அன்றிலிருந்து என்னுடையது. நண்பர்கள் ஆளுக்கொரு வீரனாக வருவார்கள், எதிரிகள் எல்லாம் என் கையில். டிராகன், பூதம், எலும்புக்கூட்டுப் படை என்று எத்தனையோ இறக்கிப் பார்த்துவிட்டேன். மேசையில் அதிகம் உழைத்தது ஒரே அடியில் விழும் காப்ளின் என்ற குட்டி அரக்கன்தான்.

ஆரம்பத்தில் விதிநூலில் இருந்ததை அப்படியே வைத்தேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காப்ளினுக்கு உயிர் 7 புள்ளி. எங்கள் வாள்வீரனின் அடி, எட்டுமுகப் பகடையில் விழுவதோடு 3. பகடையில் 1, 2, 3 விழுந்தால் காப்ளின் சாகாது, மிஞ்சிய மூன்றோ இரண்டோ ஒன்றோ புள்ளியை வைத்துக்கொண்டு நிற்கும். பட்ட அடியிலேயே எட்டில் மூன்று இப்படிப் போகும். பன்னிரண்டு காப்ளின் இறக்கிய அன்று, எதற்கு எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதி எழுதி ஒரு சுற்று முடிய அரை மணி நேரம் ஆனது. டீ ஆறிவிட்டது, வர்க்கித் தட்டு காலி, மந்திரவாதியாக ஆடுபவர் போனை எடுத்துவிட்டார். மயிலிறகானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியத்தான் செய்யும்.

அப்புறம்தான் 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் மினியன், அதாவது அடியாள், விதியை இதற்குள் கொண்டுவந்தேன். உயிர் 1 புள்ளி, அடி பட்டால் காலி. குறி தவறிய தாக்குதல் மட்டும் அதைக் கொல்லாது. அது திருப்பி அடித்தால் சேதத்துக்குப் பகடை கிடையாது, நிலையான எண். நான் 5 வைத்திருக்கிறேன், காப்ளினின் சராசரி அதுதான். கும்பலாகத் தாக்கும்போது டிஎம் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்க்கிறேன்: குறி தப்பாமலிருக்க இருபதுமுகப் பகடையில் 14 விழ வேண்டிய இடத்தில் மூன்று காப்ளின் சேர்ந்தால் ஒரு அடி. எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

காய்களுக்குக் காசு செலவழிக்கவில்லை. சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய்தான் எங்கள் காப்ளின். சுண்டைக்காயைவிடப் பெரிது, மேலே நட்சத்திரம் மாதிரி பிளவு, குப்புற வைத்தால் அசையாமல் உட்காரும். விழுந்ததை, வீழ்த்தியவர் தன் டம்ளரில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்தும் விரலில் தைல வாசனை போகாது. டம்ளரில் காய் விழும் அந்தச் சத்தத்துக்காகவே எங்கள் வாள்வீரன் பகடையை இன்னும் வேகமாக உருட்டுவார்.

அந்த வாள்வீரனாக ஆடுவது நர்சிங் படிக்கும் தங்கை ஒருத்தி. மினியன் வந்த புதிதில் அவளுக்குத்தான் குறை இருந்தது. மந்திரவாதி ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் ஒன்று போட்டால் 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் அத்தனையும் போய்விடும், அவளோ ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். நியாயமான குறை. கையேட்டில் விருப்ப விதியாக இருக்கும் 'கிளீவ்' இதற்குச் சரியாக வந்தது: ஒன்றை வீழ்த்தியபின் மிஞ்சும் சேதம் பக்கத்தில் நிற்பதன்மேல் போகும். இப்போது அவள் ஒரே வீச்சில் இரண்டு மூன்று சாய்ப்பாள்.

முதல் லெவலில் மினியன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்போது காப்ளினுக்கு 7 புள்ளியும் இருக்கட்டும், பயமும் இருக்கட்டும். ஐந்தாம் லெவலில் அதே காப்ளினை 1 புள்ளியோடு கொண்டுவாருங்கள். நாம் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்பது ஆடுபவர் கைக்குத் தெரிய வேறு வழியை நான் கண்டதில்லை.

இன்னொன்று, கடைசி ஆள் வரை நின்று சாகும் காப்ளினில் உயிரே இல்லை. எங்களில் ஒருவருக்கு ஊர் மசினகுடி. செந்நாய் கூட்டமாக இருந்தால் கடமானையே சாய்க்கும், தனியாக மாட்டினால் அது நிற்காது என்று அவர் சொன்ன பிறகு, 1981 பேசிக் பதிப்பின் மன உறுதி விதியைச் சேர்த்தேன். கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும், பாதி போனபோதும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். காப்ளினின் எண் 7. அதைத் தாண்டினால் ஓட்டம். ஏறக்குறைய ஐந்துக்கு இரண்டு முறை ஓடும்.

போன வருடம் அப்படிப் பாலத்தில் எட்டு காப்ளின் ஓடியபோது தங்கை எழுந்தே நின்றுவிட்டாள். "அண்ணா, முதல் வருஷம் நம்மளக் கிணத்துல தள்ளின கூட்டம்ணா இது! இப்ப நம்மளப் பாத்து ஓடுது!" என்றாள். கடைசியாக நொண்டிக்கொண்டு போன ஒன்றை வெட்ட அவளுக்கு வாய்ப்பு இருந்தது. வெட்டவில்லை. அந்தக் காயை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே வந்ததும், குடையை மடக்குவதற்கு முன்னால், அந்தக் காப்ளின் கதையில் இப்போது எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறார்கள்.