சாய்ந்த தராசும் ஆடுகிற தராசும்

2024 மே மாதம் எனக்குப் புதிய போன் வாங்க வேண்டியிருந்தது. அதற்காக எங்கள் குடும்பத்தில் மூன்று வாரம் வழக்கு நடந்தது. ஒரு பக்கம் பெரியப்பா: மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்று, தில்லி முனிர்க்காவில் அரசு கட்டிய டிடிஏ குடியிருப்பில் இருப்பவர். அமெரிக்காவில் உள்ள மகன் கொடுத்த ஐபோனில், காலைக் காபியோடு அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களை வரி விடாமல் படிப்பார். மறுபக்கம் தம்பி: தமிழிலும் இந்தியிலும் வரும் யூடியூப் விமர்சனங்களே அவனுக்கு வேதம். ஐபோனா ஆண்ட்ராய்டா என்று தொடங்கிய பேச்சு, இரண்டாவது வாரத்திலேயே யார் சொல்வதை நம்பிப் பணத்தைப் போடுவது என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

நான் பெரியப்பா கட்சியில் சேர்ந்தேன். ஆனால் அவர் சொன்ன போனை வாங்கவில்லை. அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மேலோட்டமான வித்தியாசங்களில் அதிகம் நிற்க வேண்டாம். வெளிநாட்டு எழுத்து விமர்சனம் நீளம், ஆங்கிலம், நம் ஊர் விலை அதில் இருக்காது. காணொளி விமர்சனம் சுருக்கம், நம் மொழி, எந்த வங்கி அட்டைக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதுவரை சொல்லும். கேமராவை இரண்டுமே நன்றாகக் காட்டுகின்றன.

இரண்டுக்கும் கோணல் உண்டு. பெரியப்பா படிக்கும் பத்திரிகைகள் ஐபோன் பக்கம் சாய்ந்தவை. சாய்வு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 2007 ஜூன் 29-ல் முதல் ஐபோன் விற்பனைக்கு வருவதற்கு முன்பே அதைக் கையில் வாங்கி எழுதும் வாய்ப்பு வால்ட் மோஸ்பெர்க், டேவிட் போக், ஸ்டீவன் லெவி, எட் பெய்க் ஆகிய நான்கு பத்திரிகையாளர்களுக்குத்தான் கிடைத்தது. முன்கூட்டியே யாருக்குக் கொடுப்பது என்பது இன்றும் விற்பவர் கையில் இருக்கும் தயவு. போன் தருவார்கள், இன்ன தேதி இன்ன மணிக்கு முன்னால் எழுதக் கூடாது என்பார்கள். இதைவிடப் பெரிய காரணம் பழக்கம் என்று நினைக்கிறேன். எழுதுபவர்களில் பலர் மேசையில் இருப்பது ஆப்பிள் கணினி, சட்டைப்பையில் இருப்பது ஐபோன். ஆண்ட்ராய்டு போன் அவர்கள் வீட்டுக்கு ஒரு வார விருந்தாளி. விருந்தாளியிடம் குறை கண்டுபிடிக்க ஒரு வாரம் தாராளம். ஆண்ட்ராய்டின் முகப்புத் திரையில் 2009-லேயே வந்துவிட்ட, செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் விட்ஜெட், ஐபோன் முகப்புக்கு 2020-ல் வந்தபோது ஏதோ அன்றுதான் பிறந்ததுபோலக் கொண்டாடியவர்கள் உண்டு.

சாய்வு இருக்கட்டும். அந்தச் சாய்வினால் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஐபோனுக்கு அப்டேட் ஒரே இடத்திலிருந்து, அப்டேட் பெறும் எல்லா மாடலுக்கும் ஒரே நாளில் வருகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் எழுதுவதை சிப் செய்யும் நிறுவனம் தொட்டு, போன் செய்யும் நிறுவனம் தொட்டு, பிறகுதான் நம் கைக்கு வரும். இடையில் யாராவது கையை விரித்துவிட்டால் அத்தோடு முடிந்தது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ், 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 வரை வாங்கிக்கொண்டது. அதே காலத்து ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வருடம் கிடைத்தாலே அதிகம். ஐபோன்மேல் பிரியம் கொண்ட பத்திரிகையாளர்களுக்கு ஆண்ட்ராய்டை அடிக்க இதைவிட வாகான கோல் வேறு கிடையாது. வருடக்கணக்காக, விமர்சனத்துக்கு விமர்சனம், அதே கோலால் அடித்தார்கள். மருமகள் சாம்பாரில் உப்புக் குறைவு என்று மாமியார் சொன்னால் அது வேண்டாத பேச்சாகவே இருக்கலாம். ஆனால் எடுத்துச் சுவைத்துப் பார்த்தால் உப்புக் குறைவாகத்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்ததில் அந்த அடிகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இந்தக் கேள்வியைக் காணொளிக்காரர்கள் கேட்காததால் நான் பட்டது கொஞ்சம் அல்ல. 2020-ல் தம்பி காட்டிய பதினான்கு நிமிட வீடியோவை நம்பி 19,000 ரூபாய்க்கு ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் சார்ஜ் ஏற எத்தனை நிமிடம், விளையாட்டு எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது எல்லாம் அந்த வீடியோவில் இருந்தது. அப்டேட் பற்றி, “தொடர்ந்து வரும்” என்று ஒரே வரி. இரண்டு வருடம் வந்தது. மூன்றாவது வருட நடுவில் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றது. நான்காவது வருடம் என் அலுவலகச் செயலி, இந்த ஆண்ட்ராய்டில் இனி இயங்கமாட்டேன் என்று ஒருநாள் காலை திரையில் எழுதிக் காட்டியது.

கரோல் பாக் மெட்ரோவில் இறங்கி கஃபார் மார்க்கெட்டுக்குப் போனேன். ஸ்டூல் அளவே இருந்த கடையில் ஒருவர் போனின் முதுகைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரமாக விட்டு நெம்பித் திறந்து, கால் மணி நேரத்தில் பேட்டரி மாற்றிக் கொடுத்தார். 1,200 ரூபாய். போன் புதிதுபோல உயிர் பெற்றது. அலுவலகச் செயலி மட்டும் திறக்கவில்லை. சரி, விற்றுவிடலாம் என்று கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பழைய போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு வெள்ளை டேப், அதில் பேனாவால் மூன்று எண்கள். முதல் இரண்டும் நினைவகம், சேமிப்பிடம் என்று புரிந்தது. மூன்றாவது என்ன என்றேன். ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்பது, வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான் என்றார் இந்தியில். என் போனைப் பார்த்து 1,700 சொன்னார். சற்று முன்னால் 1,200-க்குப் போட்ட பேட்டரியும் அதற்குள் அடக்கம். பதினான்கு நிமிட வீடியோவில் இடம் பெறாத எண், கடைசியில் ஒரு துண்டு டேப்பில் வந்து உட்கார்ந்திருந்தது.

காணொளிக்காரர்களுக்கு நியாயமும் செய்ய வேண்டும். இந்தியாவில் பத்து போன்களில் ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டுதான். அவற்றில் பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனைப் பற்றி நியூயார்க்கில் இருப்பவர் எழுதப்போவதில்லை. நம் பையன்கள்தான் சொல்கிறார்கள். இரண்டு சிம், பழுதுபார்க்கும் மையம் எந்த ஊரில் இருக்கிறது, தமிழ் விசைப்பலகை எப்படி, வெயிலில் எப்படிச் சுடுகிறது, எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிளே சொல்கிறது. தில்லியில் மே மாதம் காலை பத்து மணிக்கே அந்த எல்லையைத் தாண்டிவிடும் நாட்கள் உண்டு. பெரியப்பா படிக்கும் விமர்சனங்களில் இதை நான் பார்த்ததில்லை. அவரும் வடாம் காயும் மொட்டைமாடிக்குத் தன் போனைக் கொண்டுபோவதே இல்லை!

ஆனால் காணொளித் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லவே முடியாது. இந்த வாரம் போன் அனுப்பியவர் பக்கம், அடுத்த வாரம் விழாவுக்கு அழைத்துப்போனவர் பக்கம். 2012-ல் இந்தியாவிலிருந்து இரண்டு வலைப்பதிவர்களை பெர்லின் கண்காட்சிக்கு அழைத்துச் சென்ற சாம்சங், சீருடை அணிந்து தங்கள் அரங்கில் நின்று பொருட்களை விளக்கச் சொன்னதாகவும், மறுத்தவர்களுக்கு நோக்கியா உதவி ஊர் திரும்ப வைத்ததாகவும் அப்போது செய்தி வந்தது. பயணமும் ஓட்டல் அறையும் இலவசப் பொருளும்கூடப் பார்ப்பவர்களிடம் சொல்லியாக வேண்டிய தொடர்புதான் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டி வெளியிட்டது. வீடியோவில் என்றால் கண்ணுக்கும் தெரிய வேண்டும், காதுக்கும் கேட்க வேண்டும். தம்பி பார்க்கும் வீடியோக்களில் அது கண்ணுக்குத் தெரிவதற்கே பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.

காய்கறிக்காரர் தராசு எப்போதும் ஐம்பது கிராம் கூட்டியே காட்டும் என்று தெரிந்தால், கூட இரண்டு தக்காளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டும் தராசிடம் என்ன செய்வது? பெரியப்பா பக்கம் சேர்ந்ததற்கு இதுதான் காரணம். அந்த விமர்சனங்களில் ஐபோனுக்கான புகழைக் கழித்தேன். ஆண்ட்ராய்டுமேல் வைத்த குற்றச்சாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த ஆண்ட்ராய்டு போன் அவற்றுக்குப் பதில் சொல்கிறது என்று தேடினேன். ஏழு வருட வாக்குறுதியோடு மே மாதம்தான் வந்திருந்த பிக்சல் 8ஏ-யை ஜூனில் வாங்கினேன்.

வாங்கி இரண்டே மாதத்தில் எனக்கே ஒரு குட்டு. கூகுளிடம் போனை இலவசமாகப் பெற்று அதைப் பற்றிப் பேசும் ‘பிக்சல் குழு’வினர் மற்ற நிறுவன போன்களை உயர்த்திக் காட்டினால் உறவு முறியும் என்று கூகுளின் விண்ணப்பப் படிவம் ஒன்றில் எழுதியிருந்தது 2024 ஆகஸ்டில் வெளியே வந்தது. அந்த வாசகம் தவறு என்று ஒப்புக்கொண்டு நீக்கிவிட்டார்கள். பெரியப்பா அந்தச் செய்தியை எனக்கு இரண்டு முறை அனுப்பினார்.

சாய்ந்த தராசும் ஏமாற்றும். அதை மறைக்கக் கூடாது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் மென்பொருள் வழியாகக் குறைத்த கதை 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் முன்கூட்டியே போன் பெறும் பத்திரிகையாளர்கள் இல்லை. பேட்டரி மாற்றியதும் வேகம் திரும்பியதைக் கவனித்து ரெடிட் இணைய மன்றத்தில் எழுதிய ஒரு பயனர், அதன்பின் ஆயிரக்கணக்கான போன்களின் வேக அளவுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டியவர், வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல். ஆப்பிள் ஒப்புக்கொண்டு, 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்குக் கொடுத்தது. வருடம் ஒரு புதிய போன் வைத்திருக்கும் விமர்சகருக்கு மூன்றாம் வருடத்துப் போன் எப்படி இருக்கும் என்று தெரிய வழியில்லை. இந்தக் குருட்டுத்தனம் இரு கட்சிக்கும் பொது. 2018-ல் இத்தாலியின் போட்டி ஆணையம், பழைய போன்களை அப்டேட்டால் மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ என்று இருவருக்குமே அபராதம் போட்டது.

நடுவில் நின்று அளந்து பார்த்து எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனந்த்டெக் தளம் அப்படிப்பட்டது. அதை நிறுவிய ஆனந்த் லால் ஷிம்பி 2014-ல் ஆப்பிளில் வேலைக்குச் சேர்ந்தார். தளமும் 2024 ஆகஸ்டோடு நின்றுவிட்டது.

என் பிக்சலைப் பற்றி நான் நீட்டி முழக்க முடியாது. வாக்குறுதி 2031 மே வரை. நான் பார்த்திருப்பது அதில் ஒரு சிறு பகுதி. இதுவரை மாதாமாதம் அப்டேட் வருகிறது. ஐபோனை நீண்ட காலம் நானே வைத்திருந்ததில்லை. பெரியப்பாவின் போன் ஒருமுறை பேட்டரி மாற்றி ஆறாவது வருடமாக ஓடுகிறது என்பதே என்னிடம் உள்ள ஒரே சாட்சி.

போன மாதம் தம்பி புதிய போன் வாங்கினான். எத்தனை வருடம் அப்டேட் என்று கேட்டேன். வீடியோவில் சொல்லவில்லை என்றான். நிறுவனத்தின் பக்கத்தில் தேடி எடுத்துக் காட்டினேன்: பாதுகாப்பு அப்டேட் நான்கு வருடம்.

“போதும் அக்கா, அதற்குள் வேறு வாங்கிவிடுவேன்” என்றான்.