‘டிரிங்கோமலி’ 1:64 மரக் கப்பல் கிட் வாங்குகிறீர்களா? பசையைத் திறப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி பாய்மரக் கப்பலின் 1:64 (உண்மை அளவில் 64-ல் ஒரு பங்கு) மர மாடல் என்று 18,500 ரூபாய்க்கு விற்கப்பட்ட பெட்டி ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே பெட்டி நாளை வேறொரு கடைப் பெயரில் வரும். பெயரைவிட, போலிப் பெட்டியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்தான் வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைத் திருப்பி அனுப்ப அவர்கள் தரும் கெடு 10 நாள். கிட்டில் உள்ள பிழை தானாக வெளியே தெரிய மூன்று மாதம் ஆகும். ஏரா (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), அதன் குறுக்கே நின்று உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம் எல்லாம் ஒட்டி முடித்து, பலகை அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வயிற்றுப் பகுதி உள்வாங்கியிருப்பது கண்ணுக்குப் படும். அதனால் பெட்டி வந்த அன்றே ஸ்கேலும் வெர்னியரும் எடுத்து உட்காருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோவும் எடுத்து வையுங்கள்.

இந்தக் கப்பலை மாடலாகச் செய்ய விரும்புகிறவர்கள் பலருக்கும் அதன் மேல் தனிப் பிரியம் இருக்கும். 1782-ல் திருகோணமலைக் கடலில் நடந்த சண்டையின் நினைவாக வந்த பெயர் அது. கட்டியது பம்பாயில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கைப்பட, மலபார் தேக்கில். கடலில் இறங்கிய நாள் 1817 அக்டோபர் 12. முதலில் அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலோடு 1812 டிசம்பரில் போரில் அழிந்துபோக, மறு பிரதி பம்பாய் வந்து சேரும்வரை வேலை காத்திருந்தது. இன்றும் அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட கப்பலின் பெயரைப் போட்டுக் குப்பையை விற்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம். பெட்டியில் ஆறு தாள்கள். ஒவ்வொன்றின் கீழ் வலது மூலையிலும், தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெள்ளையாக அழிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் தாளில் அழித்தவர் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறார். ஓர் எழுத்தின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி, கப்பலின் நட்ட நடுவே மேலிருந்து கீழாக ஓடும் சாம்பல் நிறக் கோடு. அது கப்பலைச் சேர்ந்த கோடு அல்ல. அசல் தாளை யாரோ மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு ஸ்கேனில் விழுந்து, அப்படியே அச்சாகி வந்திருக்கிறது. இன்னொருவரின் உழைப்பைத் திருடி எடுத்த நகல் இது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நகல் என்றால் அளவு கெடும். தாளில் 100 மி.மீ என்று போட்டிருக்கும் அளவுகோலை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் 96 மி.மீ தான் வருகிறது. நான்கு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இந்த வகைக் கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி. 1:64-ல் அது ஏறக்குறைய 714 மி.மீ. முகப்பிலிருந்து 400 மி.மீ தள்ளி நிற்க வேண்டிய நடுப் பாய்மரம், வரைபடத்தை நம்பிக் குறித்தால் 16 மி.மீ முன்னால் போய்விடும். அதன் காலுக்கான துளை நேராக ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் விழுகிறது.

அடுத்து குறுக்குச் சட்டங்கள். ஏராவை அசல் அளவிலேயே வெட்டியிருக்கிறார்கள். சட்டங்களை மட்டும் சுருங்கிய தாளிலிருந்து எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கணக்கு எளிது. உண்மைக் கப்பலின் அகலம் ஏறக்குறைய 40 அடி, 1:64-ல் சுமார் 191 மி.மீ. பக்கத்துக்கு முதல் அடுக்குப் பலகை 1.5 மி.மீ, அதன் மேல் இரண்டாம் அடுக்கு 1 மி.மீ என்று இரு பக்கமும் சேர்த்து 5 மி.மீ கழித்தால், மிக அகலமான சட்டம் 186 மி.மீ இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தது 179. கிட்டோடு வந்த தளப் பலகையை மேலே வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 3 மி.மீக்கு மேல் பிதுங்கி நிற்கிறது. எதையும் ஒட்டாமல், உலர்வாகப் பொருத்திப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பொருத்தும்போது சட்டம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். 5 மி.மீ பிளைவுட்டுக்குக் காடி (சட்டத்தைச் செருகும் வெட்டு) 5.1 மி.மீ இருந்தால் போதும். இங்கே 5.6. சட்டம் இப்படியும் அப்படியும் சாய்கிறது. மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தாவிட்டால், பசை காய்ந்த பிறகு எந்தச் சட்டமும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்காது.

ஏராவைக் கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். இதில் நடுப்பகுதி 6 மி.மீ தூக்கி நிற்கிறது. வில் போல ஒரே பக்கமாக வளைந்திருந்தால் சமாளிக்கலாம். சட்டங்களுக்கு நடுவே இரு பக்கமும் மரத்துண்டு வைத்து ஒட்டினால் நேராகிவிடும். முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது முன்முனையும் பின்முனையும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தால், அதற்கு வைத்தியம் கிடையாது. பலகை அடித்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். ஆகாது. முறுக்கு அப்படியே உறைந்துபோய், மூன்று பாய்மரமும் மூன்று திசை பார்க்கும்.

மரத்துக்கு வருவோம். விளம்பரத்தில் ‘அசல் தேக்கு’ என்று போட்டிருந்தார்கள். கப்பலே தேக்கில் கட்டியது என்பதால் இந்தத் தூண்டிலில் மனம் எளிதாக விழும். உள்ளதைச் சொன்னால், நல்ல தேக்காகவே இருந்தாலும் இந்த அளவு மாடலுக்கு அது உகந்த மரமில்லை. அதன் ரேகை பெரிது, 1:64-ல் கண்ணை உறுத்தும். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால், ஒட்டும் இடத்தை அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசையும் சரியாகப் பிடிக்காது. பேரிக்காய் மரம், பாக்ஸ்வுட், செர்ரி போன்ற நுண்ணிய ரேகை மரங்களைத் தேர்ந்தவர்கள் எடுப்பது இதனால்தான். பெட்டியில் வந்ததோ தேக்கும் இல்லை. ஈரத் துணியால் ஒரு கீற்றைத் துடைத்தோம், துணி பழுப்பானது. பிளேடால் நுனியைச் சீவினால் உள்ளே வெளிறிய மெத்து மரம், மேலே வெறும் சாயம். இரண்டாம் பலகையை ஒட்டிய பிறகு உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும். போட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும்.

அளவிலும் கைவைத்திருக்கிறார்கள். 5 மி.மீ அகலக் கீற்றில் முதல் பலகை அடிக்க, நடுப்பகுதியில் ஒரு பக்கத்துக்கு 36 முதல் 38 கீற்று பிடிக்கும். நீளம் சராசரி 75 செ.மீ என்று வைத்தால் இரு பக்கத்துக்கும் 55 மீட்டர். உடைவது, வீணாவது சேர்த்து 60 மீட்டராவது வேண்டும். வந்தது 60 செ.மீ நீளத்தில் 60 கீற்று. மொத்தம் 36 மீட்டர்.

பீரங்கிகளை எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். 46 என்று போட்டிருந்தது, 46 இருந்தது. ஆனால் நாற்பத்தாறும் ஒரே அச்சு. இந்த வகைக் கப்பலில் பீரங்கித் தளத்தில் 28 பதினெட்டுப் பவுண்டர்கள் (18 பவுண்டு குண்டு சுடும் பீரங்கிகள்), அதற்கு மேலே சிறிய ஒன்பது பவுண்டர்கள், அவற்றோடு குட்டையாகத் தடித்த கரோனேடுகள். ஒன்பது அடி நீளப் பதினெட்டுப் பவுண்டர் 1:64-ல் 43 மி.மீ வர வேண்டும். நான்கடிக் கரோனேடு 19 மி.மீ. அது சக்கர வண்டியிலும் உட்காராது, சறுக்குப் பலகையில் உட்காரும். பெட்டியில் இருந்தவை எல்லாமே 30 மி.மீ. பெரியதற்கும் ஆகாது, சிறியதற்கும் ஆகாது. வேறு ஏதோ சிறிய மாடலுக்கு வார்த்தவை.

காலக்குழப்பம் தனி. 1845-ல் இந்தக் கப்பலின் பின்புறத்தை மாற்றியமைத்து, 26 பீரங்கிகளோடு தரத்தையும் மாற்றினார்கள். மாற்றிய பின்புறமும் 46 பீரங்கியும் ஒரே கப்பலில் சேர்ந்து இருந்ததே இல்லை. பெட்டி மேல் 1817 என்று அச்சிட்டு, ஹார்ட்டில்பூலில் இன்று நிற்கும் கப்பலின் படத்தை ஒட்டியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியாது என்று அர்த்தம்.

கயிற்றுக்கு ஒரு சுருக்குவழி உண்டு. நடுப் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பிரதான ஸ்டேயின் சுற்றளவு, அந்தப் பாய்மரத்தின் விட்டத்தில் பாதி. அதாவது கயிற்றின் விட்டம் மரத்தின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. மரம் 10 மி.மீ என்றால் ஸ்டே 1.6 மி.மீ. பெட்டியில் இருந்த கயிறுகளிலேயே மிகத் தடித்தது 1 மி.மீ, அதுவும் பிசிறு தட்டிய தையல் நூல். எல்லாம் ஒரே கறுப்பு. தார் பூசிய நிலைக் கயிறுகள் கருமையாகவும், இழுத்து விடும் ஓட்டக் கயிறுகள் சணல் நிறத்திலும் இருக்க வேண்டும்.

செப்புத் தகடு என்று கொடுத்தது செப்பு நிற பிளாஸ்டிக் ஸ்டிக்கர். உண்மையான தகடு 4 அடிக்கு 14 அங்குலம், இந்த அளவில் 19 மி.மீக்கு 5.5 மி.மீ. ஸ்டிக்கர் 10-க்கு 4. நல்ல செப்பு நாடா தனியாகவே கிடைக்கிறது. பின்முனையில் ஏராவை ஒட்டித் தொடங்கி முன்னோக்கி ஒட்டுங்கள். அப்போதுதான் முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறி, தண்ணீர் ஓடும் திசைக்குச் சரியாக இருக்கும்.

இவ்வளவையும் படத்தோடு அனுப்பியதற்கு வந்த பதில்: மரம் இயற்கைப் பொருள், சிறு வேறுபாடு இருக்கும், அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி. வாங்குவதற்கு முன்பே இரண்டு படம் கேளுங்கள்: அளவுகோல் மேல் ஸ்கேல் வைத்த வரைபடம், ஸ்கேல் பக்கத்தில் வைத்த மிக அகலமான சட்டம். அனுப்பத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கி, சட்டங்களையும் ஒட்டிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். ஏரா முறுக்காமல் இருந்தால் உடலைக் காப்பாற்றலாம். சட்டங்களின் விளிம்பில் 1.5 மி.மீ கீற்றை ஈரப்படுத்தி வளைத்து, ஃபெவிகாலால் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். நடுச் சட்டங்களுக்கு மட்டும் அதன் மேல் அரை மி.மீ வெனீர் (மெல்லிய மரத் தாள்). முன்னும் பின்னும் போகப்போக இந்தக் கனம் குறைய வேண்டும். ஒரு நாள் முழுக்க காயவிட்டு, நீளமான மெல்லிய சட்டத்தை முகப்பிலிருந்து பின்முனை வரை வளைத்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாச் சட்டத்தையும் இடைவெளியின்றித் தொடும்வரை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே வாருங்கள். பலகை, கயிறு, பீரங்கி மூன்றையும் வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும்.