புடினிடம் மோதுவதா, பணிவதா: இரண்டு எண்ணெய் முதலாளிகள்

2000-இல் புடின் பதவிக்கு வந்ததும் ரஷ்யப் பெருமுதலாளிகளுக்கு இரண்டு வழிதான் இருந்தது. யூகோஸ் எண்ணெய் நிறுவன முதலாளி கோதர்கோவ்ஸ்கி மோதினார், சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவன முதலாளி அப்ரமோவிச் பணிந்தார்.

சொத்து: கோதர்கோவ்ஸ்கியின் யூகோஸ் மீது வரி பாக்கி வழக்குகள் குவிந்தன. 2004 டிசம்பரில் அதன் முக்கிய எண்ணெய்ப் பிரிவை யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி ஏலத்தில் எடுத்தது; சில நாட்களில் அது அரசின் ரோஸ்நெஃப்ட் கைக்குப் போனது. அப்ரமோவிச்சோ 2005-இல் சிப்நெஃப்டை அரசின் காஸ்ப்ரோமுக்கே சுமார் 1,300 கோடி டாலருக்கு விற்றார். இரண்டு எண்ணெயும் அரசிடம்தான் போனது, ஆனால் ஒருவருக்குக் காசு வந்தது.

சுதந்திரம்: முதலாமவர் 2003 பிப்ரவரியில் கிரெம்ளின் கூட்டத்தில், கேமரா முன்னால், ஊழல் பற்றிப் பேசினார். அக்டோபரில் நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் கைது, பத்தாண்டு சிறை. இரண்டாமவர் ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதியான சுகோட்காவில் 2008 வரை ஆளுநர். அதோடு லண்டனின் செல்சி கால்பந்து அணியும் வைத்திருந்தார்.

மரியாதை: பணிந்தால் இது மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம். 2009-இல் பிகல்யோவோ என்ற ஊரின் ஆலைப் பிரச்சினையில் புடின் பேனாவை மேசையில் வீச, பெருமுதலாளி டெரிபாஸ்கா எழுந்து வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். திரும்பியவரிடம் பேனாவையும் கேட்டு வாங்கினார் புடின். எல்லாம் டிவியில் வந்தது.

நீடிப்பு: பணிந்து காத்ததும் நிலைக்கவில்லை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அப்ரமோவிச் செல்சியை விற்பதாக அறிவித்தார்; சில நாட்களில் பிரிட்டன் அவர் மீது தடை போட்டது, அந்த ஆண்டே அணி கைமாறியது.

சரி, எது யாருக்கு? பணம்தான் முக்கியம் என்றால் பணிவு. வாயைத் திறந்து பேசியே ஆக வேண்டும் என்பவருக்கு மோதல், அதுவும் முதலில் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு.