குடிநீர் நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கை: ஜிஆர்ஐயா, சாஸ்பியா?

குடிநீரும் கழிவுநீரும் கையாளும் நிறுவனம், சுற்றுச்சூழல், சமூக விஷயங்களில் தன் நிலையைச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கை எழுத உட்கார்ந்தால், எந்தத் தரநிலையின்படி எழுதுவது என்பதிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. எதை எண்ண வேண்டும் என்று தரநிலை கேட்கிறதோ, அதுதான் அறிக்கைக்குள் வரும். கேட்காதது பெரும்பாலும் வராது.

முக்கியமான போட்டி இரண்டுக்கு நடுவில். 1997-ல் தொடங்கிய ஜிஆர்ஐ (உலக அறிக்கையிடல் முன்முயற்சி), நிறுவனத்தால் சுற்றுச்சூழலுக்கும் மனிதர்களுக்கும் என்ன நேர்கிறது என்று கேட்கிறது. 2018-ல் 77 தொழில்களுக்குத் தனித்தனியாக வெளிவந்த சாஸ்பி (நிலைத்தன்மைக் கணக்கியல் தரநிலைகள்), முதலீட்டாளரின் பணத்தைப் பாதிக்கக்கூடியது எது என்று கேட்கிறது. சாஸ்பி 2022 முதல், சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளை வகுக்கும் ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளையின் நிலைத்தன்மைத் தரநிலை வாரியமான ஐஎஸ்எஸ்பியிடம் இருக்கிறது.

தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் பார்த்தால் சாஸ்பிதான் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. நீர் வழங்கும் தொழிலுக்கென்றே அதில் ஒரு தரநிலை உண்டு. பிரதானக் குழாய்களை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் மாற்றினீர்கள், குழாயிலிருந்து உண்மையில் கசிந்துபோன நீர் எவ்வளவு, கழிவுநீர் விதிமீறல்கள் எத்தனை, கட்டணம் கட்டாததால் எத்தனை வீடுகளுக்கு இணைப்பைத் துண்டித்தீர்கள், அதில் எத்தனை 30 நாளுக்குள் திரும்பக் கிடைத்தது என்றெல்லாம் கேட்கிறது. துண்டிப்புக் கேள்வி முதலீட்டாளருக்கான தரநிலையில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஜிஆர்ஐயின் நீர்த் தரநிலையான ஜிஆர்ஐ 303 இதற்கு நேர்மாறு. ஆலை, விடுதி, பண்ணை என எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. எங்கிருந்து எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு வெளியேற்றினீர்கள், அதில் நீர்த்தட்டுப்பாடு உள்ள பகுதி எவ்வளவு என்பதே அதன் கேள்விகள். தண்ணீரை விற்பதே தொழிலாகக் கொண்டவர்களின் குழாய்க் கசிவு பற்றித் தனிக் கேள்வி இல்லை.

கசிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எந்தத் தரநிலையானாலும் சதவீதத்தை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். நாளுக்கு 100 மில்லியன் லிட்டர் அனுப்பி, 80 பயன்பாட்டுக்குப் போய், 20 கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். கசிவு 20 சதவீதம். அடுத்த ஆண்டு பயன்பாடு 100 ஆக ஏறி, கசிவு அதே 20-ல் நின்றால், சதவீதம் 16.7 ஆகக் குறைந்துவிடும். ஒரு குழாய் இணைப்பைக்கூட யாரும் இறுக்கவில்லை, அறிக்கையில் மட்டும் முன்னேற்றம். அதனால்தான் சர்வதேச நீர்ச் சங்கத்தின் நீர்ச்சமநிலை அட்டவணையும் (அனுப்பிய நீர் எங்கெங்கே போனது என்ற கணக்கு) கசிவுக் குறியீடும் கூடவே வேண்டும். அந்தக் குறியீடு, இப்போதைய கசிவு தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்கவே முடியாத கசிவைப் போல எத்தனை மடங்கு என்று சொல்கிறது.

சரி, தொழிலாளர் பக்கம் வருவோம். இங்கேதான் என் மனம் ஜிஆர்ஐ பக்கம் சாய்கிறது. சாஸ்பியின் மின்சார நிறுவனத் தரநிலையில் பணியாளர் பாதுகாப்பு இருக்கிறது. நீர் வழங்கல் தரநிலையில் அந்தத் தலைப்பே இல்லை. கழிவுநீர்க் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கிறது. குழிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பது இந்தத் தொழில் நன்றாக அறிந்த துயரம். இதைக் கேட்காத தரநிலையை மட்டும் வைத்து ஒரு நீர் நிறுவனத்தின் அறிக்கையை முழுமையானது என்று சொல்ல என்னால் முடியாது.

ஜிஆர்ஐயின் பணிப்பாதுகாப்புத் தரநிலையான ஜிஆர்ஐ 403, உயிரிழப்பு, கடுமையான காயம், பதிவாக வேண்டிய காயம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதைவிட முக்கியம், சொந்த ஊழியர்களுக்கு ஒரு கணக்கு, ஊழியர் அல்லாவிட்டாலும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கு என்று பிரித்துக் கேட்கிறது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன வேலை செய்கிறார்கள் என்பதை அதன் பொதுத் தகவல் தரநிலையான ஜிஆர்ஐ 2 கேட்கிறது.

இது ஏன் பெரிய விஷயம்? ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 400 நிரந்தர ஊழியர்கள், 8 லட்சம் வேலை மணி, 2 காயங்கள். 2 லட்சம் மணிக்கு 0.5 என்ற அழகான விகிதம். அடைப்பெடுப்பது, பள்ளம் தோண்டுவது, குழாய் இறக்குவது எல்லாம் 300 ஒப்பந்தத் தொழிலாளர்கள் கையில். அவர்களுக்கு 6 லட்சம் மணி, 9 காயங்கள். அவர்கள் விகிதம் 3. இரண்டையும் கலந்தால் 1.57. ஒரே நிறுவனம், மூன்று எண்கள். எந்த எண் முதல் பக்கத்துக்கு வரும் என்று ஊகிக்கப் பெரிய அனுபவம் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஏற்ற நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலைகளான இஎஸ்ஆர்எஸ், ஜிஆர்ஐ, சாஸ்பி இரண்டின் பார்வைகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. நீருக்கு இ3, சொந்தப் பணியாளருக்கு எஸ்1, மதிப்புச் சங்கிலித் தொழிலாளருக்கு (பொருளும் சேவையும் தரும் பிற நிறுவனங்களின் பணியாளர்கள் போன்றோர்) எஸ்2. சட்டம் கட்டாயப்படுத்தினால் அதைச் செய்தே ஆக வேண்டும். கட்டாயமில்லாத சிறிய நிறுவனம் அந்தச் சுமையைத் தானாக ஏற்க வேண்டியதில்லை.

என் தேர்வு: சட்டகம் ஜிஆர்ஐ. குழாய் மாற்றம், கசிவு, இணைப்புத் துண்டிப்பு ஆகிய அளவீடுகளைச் சாஸ்பியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனமோ கடன் பத்திரம் வெளியிடும் நிறுவனமோ என்றால், சாஸ்பியின் மற்ற தலைப்புகளும் ஐஎஸ்எஸ்பியின் காலநிலைத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2-வும் (மேலே சொன்ன ஐரோப்பிய எஸ்2 வேறு) தேவைப்படும். அப்போது சுத்திகரிப்புத் தொட்டிகளிலிருந்து வெளிவரும் நைட்ரஸ் ஆக்சைடை விட்டுவிடாதீர்கள். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டுவது அது. மின்கட்டண ரசீதை மட்டும் பார்த்தால் கண்ணில் படவே படாது.

அப்புறம், ஒப்பந்தக்காரர்கள் மாதாமாதம் வேலை மணிக் கணக்கும் காய விவரமும் தர வேண்டும் என்ற பிரிவை அடுத்த டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள். ஆண்டு முடிந்தபின் கேட்டால் யாரிடமும் அந்தக் கணக்கு இருக்காது. ஜிஆர்ஐ 403 கேட்கும் ஊழியர் அல்லாதோர் கணக்கு காலியாகவே அச்சுக்குப் போகும்.