காப்ளினா, எல்ஃபா, ஸாம்பியா, டிராகனா? கமாண்டரில் முதல் ட்ரைபல் டெக்

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுபவர் ஒருவர் தீம் டெக் (கார்டுக் கட்டு) கட்டப் போகிறேன் என்றால் பெரும்பாலும் அது ட்ரைபல் டெக்தான். ஒரே இனத்து உயிரினங்களாகப் பொறுக்கிச் சேர்த்து, அந்த இனத்திலேயே ஒரு லெஜண்டரி உயிரினத்தை டெக்கின் தலைவரான கமாண்டராக உட்கார வைத்தால் டெக் தயார். ஆசை நியாயமானது. ஆனால் எந்த இனம் என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களே அதிகம். நாலு ஆட்டம் தோற்றதும் டெக் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இங்கே நான்கு இனங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் கமாண்டர் ஆட்டத்துக்கு: 100 கார்டு, அடிப்படை லேண்டுகளை (மற்ற கார்டுகளைப் போடக் கொடுக்க வேண்டிய மானா என்ற ஆற்றலைத் தருபவை) தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 40 உயிர், வழக்கமாக நான்கு பேர். அப்படியானால் நீங்கள் ஜெயிக்க மூன்று பேரிடமுமாகச் சேர்த்து 120 உயிரைக் காலி செய்ய வேண்டும். ஒருவரை வேகமாக அடித்து வீழ்த்தும் டெக், மீதி இருவரிடம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

எடை போட இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, யாராவது ராத் ஆஃப் காட் போட்ட பிறகு உங்கள் முன்னால் என்ன மிச்சம்? 1993-இல் வந்த முதல் செட்டிலேயே இருக்கும் கார்டு இது. 4 மானா, மேசையில் உள்ள எல்லா உயிரினங்களும் காலி. இதுவோ இதன் தம்பிகளில் ஒன்றோ நான்கு பேர் மேசையில் யாரிடமாவது இருக்கும். இரண்டாவது, இனமே வேலையைச் செய்கிறதா? கமாண்டர் போக 99 கார்டில் 36, 37 லேண்டுக்குப் போய்விடும். மானா ஏற்ற ஒரு பத்து, கார்டு இழுக்க ஒரு பத்து, எதிரியின் பொருளை அப்புறப்படுத்த எட்டோ பத்தோ. மிஞ்சுவது முப்பத்துச் சொச்சம். அந்த இனத்து ஆட்களே மானாவும் தந்து கார்டும் இழுத்தால் இடம் மிச்சம். இல்லையென்றால் தீம் என்று சொல்லிக்கொள்ளலாம், டெக் நகராது.

காப்ளினில் இருந்து தொடங்கலாம். கமாண்டர் கிரெங்கோ, மாப் பாஸ். 2012-இல் மேஜிக் 2013 செட்டில் வந்தவர். 4 மானா, 3/3. இந்த எண்களில் முன்னது தாக்கும் பலம், பின்னது தாங்கும் பலம். டேப் செய்தால், அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால், உங்களிடம் எத்தனை காப்ளின் இருக்கிறதோ அத்தனை 1/1 காப்ளின் டோக்கன் (டெக்கில் கார்டாக இல்லாத உயிரினம்). அதாவது ஒவ்வொரு டேப்புக்கும் கூட்டம் இரட்டிப்பு. மூன்றாம் சுற்றில் காப்ளின் சீஃப்டன் இறங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மற்ற காப்ளின்களுக்கு ஹேஸ்ட் தருவார், அதாவது வந்த சுற்றிலேயே தாக்கவும் டேப் செய்யவும் முடியும். நான்காம் சுற்றில் கிரெங்கோ வந்த உடனே டேப்: இரண்டு பேர் நான்காகிறார்கள். அடுத்த சுற்றில் எட்டு, அதற்கடுத்து 16. நீங்கள் கையில் இருந்து வேறு ஒன்றுமே போடாவிட்டாலும் இந்தக் கணக்கு ஓடும்.

ஆனால் 1/1 கூட்டத்தை வைத்து மூன்று பேரை அடித்தே கொல்வது பாடு. எதிரில் பெரிய ஆட்கள் தடுக்க நின்றால் பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள். அதனால் காப்ளின் டெக்கின் உயிர்நாடி வேறு இரண்டு கார்டுகளில் இருக்கிறது. இம்பாக்ட் ட்ரெமர்ஸ், 2 மானா: உங்கள் பக்கம் ஓர் உயிரினம் வரும்போதெல்லாம் எதிரிகள் ஒவ்வொருவருக்கும் 1 சேதம். தீரோஸ் செட்டின் பர்ஃபரோஸ் அதையே 2 சேதமாகச் செய்வார். இரண்டும் மேசையில் இருக்க, கிரெங்கோவோடு இன்னும் நான்கு காப்ளின்கள் இருந்தால் முதல் டேப்பில் 5 பேர் வருவார்கள், இரண்டாவதில் 10. மொத்தம் 15 பேர், தலைக்கு 3. மூன்று எதிரிகளுக்கும் ஆளுக்கு 45. தாக்கவே தேவையில்லை, 120 தீர்ந்தது.

இப்போது ராத் ஆஃப் காட். டோக்கன் செத்தால், செத்த கார்டுகள் போய்ச் சேரும் கிரேவ்யார்டில் தங்காது, இருந்த தடமே இல்லாமல் போய்விடும். 16 பேர் இருந்த இடத்தில் பூஜ்யம். கிரெங்கோ கமாண்டருக்கான தனியிடமான கமாண்ட் ஸோனுக்குத் திரும்புவார், அடுத்த முறை 6 மானா, அதற்கடுத்து 8. சீஃப்டனும் போயிருப்பார் என்பதால் வந்தாலும் ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். அந்த ஒரு சுற்றில் அவரை விட்டு வைக்கும் மேசையை நான் பார்த்ததில்லை. கிரெங்கோ என்ற பெயரைக் கேட்டதுமே எதிரே இருப்பவர்கள் அவரை அப்புறப்படுத்தும் ரிமூவல் கார்டை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் கேள்வியில் காப்ளினுக்குச் சுமார் மதிப்பெண். காப்ளின் மேட்ரன் வேறொரு காப்ளினைத் தேடி எடுத்துத் தருவார், ஸ்கர்க் ப்ராஸ்பெக்டர் ஆட்களைப் பலியிட்டு மானா தருவார், வார்சீஃப் விலை குறைப்பார். ஆனால் காப்ளின்களின் நிறம் சிவப்பு, கார்டு இழுப்பதில் சிவப்பு எப்போதும் ஏழை. கை காலியானால் மேலே இருந்து வருவதை நம்பித்தான் ஆட வேண்டும்.

எல்ஃப் இதற்கு நேர் எதிர். வேலை செய்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. லனோவர் எல்வ்ஸ், எல்விஷ் மிஸ்டிக், ஃபிண்ட்ஹார்ன் எல்வ்ஸ் மூன்றும் 1 மானாவுக்கு வந்து 1 பச்சை மானா தருபவை. பெயர்தான் வேறு. ஒரு பெயர் ஒரு முறைதான் என்ற கமாண்டர் விதியில் இது பெரிய வரம். ப்ரீஸ்ட் ஆஃப் டைட்டானியாவோ எல்விஷ் ஆர்ச்ட்ரூயிடோ வந்துவிட்டால் எல்ஃப் தலைக்கு ஒரு மானா கொட்டும். பீஸ்ட் விஸ்பரர் இருந்தால் உயிரினம் போடப் போடக் கார்டு வரும். மானா ஏற்றவும் இழுக்கவும் தனியாகக் கார்டு தேட வேண்டியதில்லை, இனமே பார்த்துக்கொள்கிறது.

கமாண்டருக்கு இரண்டு நல்ல தேர்வுகள். எஸூரி, ரெனகேட் லீடர், தனிப் பச்சை: 5 மானாவுக்கு எல்லா எல்ஃபுக்கும் +3/+3, கூடவே ட்ராம்பிள் (தடுப்பவரைக் கொன்று மிஞ்சும் சேதம் எதிரிக்கே போகும்). மானா இருந்தால் ஒரே சுற்றில் இரண்டு மூன்று தடவை. இன்னொன்று லாத்ரில், கருப்பு-பச்சை. 2021-இல் கால்டைம் செட்டோடு வந்த ஆயத்த டெக்கின் தலைவி. அவரையும் வேறு பத்து எல்ஃபையும் டேப் செய்தால் எதிரிகள் ஒவ்வொருவருக்கும் 10 உயிர் நஷ்டம், உங்களுக்கு 10 லாபம். புதிதாக ஆடுபவர்கள் கவனிக்காத ஒன்று இதில் உண்டு. அந்தப் பத்து எல்ஃபும் இதே சுற்றில் வந்தவையாக இருந்தாலும் டேப் செய்யலாம். லாத்ரில் மட்டும்தான் சுற்றுத் தொடக்கத்திலிருந்தே மேசையில் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் ராத் ஆஃப் காட் வருகிறது. காப்ளின்காரருக்குப் படை மட்டும்தான் போனது, மானா தரும் மலை லேண்டுகள் அப்படியே இருக்கின்றன. எல்ஃப்காரருக்குப் படையும் போய் மானாவும் போய்விடும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஆட்கள். மானாதான் கொட்டுகிறதே என்று லேண்டைக் குறைத்துக் கட்டியவருக்கு முதலுக்கே மோசம். ஹீரோயிக் இன்டர்வென்ஷன் என்ற 2 மானா கார்டு காப்பாற்றும், ஆனால் அந்த 2 மானாவைச் செலவழிக்காமல் வைத்திருக்கும் பொறுமை எல்ஃப் ஆடுபவர்களுக்கு வருவது அபூர்வம். டாக்சிக் டெல்யூஜ் போல உயிரினங்களைச் சுருக்கிக் கொல்லும் கார்டுக்கு அதுவும் உதவாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எல்ஃப்காரரின் ஒரு சுற்று முடிவதற்குள் மற்ற மூவரும் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஸாம்பிக்கு வருவோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. கமாண்டர் வில்ஹெல்ட், த ராட்கிளீவர். நீலம்-கருப்பு, 4 மானா, 3/3. 2021-இல் மிட்நைட் ஹன்ட் செட்டோடு வந்த ஆயத்த டெக்கின் முகம். உங்களுடைய வேறொரு ஸாம்பி செத்தால் பதிலுக்கு ஒரு 2/2 ஸாம்பி டோக்கன் வரும். அதற்கு டிகேய்ட் என்ற குணம் உண்டு: தடுக்க முடியாது, ஒரு முறை தாக்கினால் அந்தச் சண்டை முடிவில் பலி. அப்படிப்பட்ட டோக்கன் செத்தால் மறுபடி டோக்கன் கிடையாது. இதோடு உங்கள் சுற்றின் கடைசியில் ஒரு ஸாம்பியைப் பலியிட்டுக் கார்டு ஒன்று இழுக்கலாம்.

அதே ராத் ஆஃப் காட் இங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். மேசையில் வில்ஹெல்ட், அண்டெட் ஆகர், இன்னும் நான்கு சாதாரண ஸாம்பிகள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் சாகிறார்கள். ஒரே நேரத்தில் செத்தாலும் விதிப்படி ஒருவர் சாவை மற்றவர் பார்த்ததாகத்தான் கணக்கு. வில்ஹெல்ட் ஐந்து சாவுகளைப் பார்த்தார், ஐந்து 2/2 டோக்கன். ஆகர் தன்னையும் சேர்த்து ஆறு சாவுகளைப் பார்த்தார், ஆறு கார்டு கைக்கு வரும், 6 உயிர் போகும். மற்ற மூவரின் மேசை துடைத்து வைத்தது போல இருக்க, உங்கள் சுற்றில் ஐந்து பேர் தடுக்க ஆளில்லாமல் 10 சேதம் அடிக்கிறார்கள். ராத் போட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு முறை இப்படி நடந்தால் உங்களுக்கு எதிராக அந்தக் கார்டைப் போடவே யோசிப்பார்கள்.

செத்த ஸாம்பிகள் நிஜக் கார்டுகள், ஆகவே கிரேவ்யார்டில் காத்திருக்கின்றன. ஸாம்பி அபோகலிப்ஸ் போட்டால் அத்தனை பேரும் எழுந்து வருவார்கள், போதாக்குறைக்கு மனிதர்கள் எல்லோரும் அழிவார்கள். கிரேவ்க்ராலர் ஒற்றை மானா ஸாம்பி. வேறொரு ஸாம்பி மேசையில் இருந்தால் கிரேவ்யார்டிலிருந்தே மறுபடி போடலாம். ஃபிரெக்சியன் ஆல்டரில் அவரைப் பலியிட்டால் 1 மானா, அந்த மானாவில் அவரே திரும்ப வருவார், இடையில் வில்ஹெல்ட் ஒரு டோக்கன் தருவார். இப்படியே எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம். பக்கத்தில் டிரெக்ராஃப் கேப்டன் நின்றால் ஒவ்வொரு சாவுக்கும் ஓர் எதிரிக்கு 1 உயிர் குறையும். 120 முறை, ஆட்டம் முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. போஜூகா பாக் என்பது வெறும் ஒரு லேண்ட், வந்ததும் ஒருவரின் கிரேவ்யார்டை நிரந்தரமாக வெளியேற்றிவிடும். கருப்பு ஆடுபவர் பலரிடம் இருக்கும். ரெஸ்ட் இன் பீஸ் இன்னும் கொடுமை, அது இருக்கும் வரை எதுவும் கிரேவ்யார்டுக்குப் போகாது, வில்ஹெல்டும் வாய் பார்க்க வேண்டியதுதான். 2022-இல் வந்த ஃபேர்வெல் கொல்லாமல் நேரே வெளியேற்றுவதால் அங்கேயும் மேலே சொன்ன வித்தை பலிக்காது. வேகத்திலும் ஸாம்பி காப்ளினுக்குக் கிட்டே வராது. ஆறாம் சுற்றுக்குள் முடித்துவிட வேண்டும் என்கிற ஆளுக்கு இது சரிப்படாது.

டிராகனுக்கு ஒரு பிறப்புரிமை உண்டு. கமாண்டர் ஆட்டத்தின் பழைய பெயரே எல்டர் டிராகன் ஹைலேண்டர். 1994-இல் லெஜண்ட்ஸ் செட்டில் வந்த நிகோல் போலாஸ் முதலான ஐந்து மூத்த டிராகன்களை வைத்து வந்த பெயர். அந்தப் பாசத்தில் பலரும் நேராக அர்-டிராகனைப் பிடிக்கிறார்கள்: ஐந்து நிறம், 9 மானா, 10/10. அவர் கமாண்ட் ஸோனில் இருக்கும்போதே மற்ற டிராகன்களின் விலையில் 1 குறையும். அங்கே போய் அவரை யாரும் தொடவும் முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து நிறத்துக்கும் லேண்ட் சேர்க்கும் செலவு டிராகன்கள் விலையோடு போட்டி போடும். மலிவு லேண்டுகளாகப் போட்டால் ஒவ்வொன்றும் டேப் ஆகி வந்து, வந்த சுற்றில் மானா தராமல், ஏற்கெனவே மெதுவான டெக் இன்னும் தவழும்.

தவிர, டிராகன்கள் உழைப்பாளிகள் கிடையாது. பெரும்பாலானவை 5, 6 மானாவுக்கு மேல். மானா ஏற்றுவது, இழுப்பது எல்லாம் வேறு கார்டுகள் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் மீரிம், சென்டினல் வர்ம். பச்சை, நீலம், சிவப்பு மட்டும், 6 மானா. டோக்கன் அல்லாத டிராகன் ஒன்று வந்தால் அதன் நகல் ஒன்று இலவசம். பச்சை இருப்பதால் கல்டிவேட், ஃபார்சீக் போன்றவற்றால் லேண்ட் ஏற்றலாம். நீலம் இருப்பதால் இந்த இனத்துக்கென்றே அமைந்த க்ரக்ஸ் ஆஃப் ஃபேட் கிடைக்கும்: 5 மானாவுக்கு டிராகன் அல்லாத உயிரினங்கள் எல்லாமே காலி. காப்ளினும் எல்ஃபும் ராத் வருமோ என்று பயந்து ஆட, டிராகன்காரர் தானே ராத் போட்டுவிட்டுச் சிரிக்கலாம். ஸாம்பிக்கும் இப்படி கிண்ட்ரெட் டாமினன்ஸ் உண்டு, ஆனால் 7 மானா. பதிலுக்கு டிராகன்காரரை யாராவது துடைத்தால், மறுபடி எழ ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு முழுச் சுற்று ஆகும்.

பணத்தைப் பொறுத்தவரை காப்ளின் மிக மலிவு: ஒரே நிறம், லேண்டில் முக்கால்வாசி சாதாரண மலைகள், கிரெங்கோவும் பலமுறை மறுபதிப்பு கண்டவர். எஸூரி எல்ஃபும் அப்படித்தான், க்ரேட்டர்ஹூஃப் பெஹிமத் என்ற விலை கூடிய கார்டின் மேல் ஆசை வைக்காதவரை. லாத்ரிலுக்கும் வில்ஹெல்டுக்கும் ஆயத்த டெக்குகளே இருந்ததால் அடித்தளம் தேட அலைய வேண்டாம். எதுவானாலும் வாங்கும் முன் துண்டுச் சீட்டில் கார்டுப் பெயர்களை எழுதி, நண்பர்கள் சம்மதித்தால் அப்படியே சில ஆட்டம் ஆடிப் பாருங்கள். அதிகாரப்பூர்வப் போட்டிகளில் மட்டும் அது செல்லாது.

ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை, அடுத்ததை ஆடலாம் என்பவருக்குக் கிரெங்கோ. கணக்குப் போட்டு மானாவைப் பெருக்குவதில் சுகம் காண்பவருக்கு எல்ஃப், ஆனால் லேண்டில் கை வைக்காதீர்கள். படத்துக்காகத்தான் ஆடுகிறேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு மீரிம். முதல் ட்ரைபல் டெக், நான்கு பேர் மேசை, எதிரில் யார் என்ன போடுவார்கள் என்று தெரியாது என்றால் வில்ஹெல்டைத் தவிர வேறு யாரையும் சொல்ல மாட்டேன். அந்த டெக்கில் சேர்க்க வேண்டிய முதல் கார்டு 2 கருப்பு மானாவுக்கு வரும் அண்டெட் ஆகர். ஃபிரெக்சியன் ஆல்டர் விலை கூடியது, அது இல்லாமலும் டெக் ஓடும். கையில் எப்போதும் ஒரு ஸாம்பியையாவது போடாமல் வைத்திருங்கள், போஜூகா பாக் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.