மின்சாரம் இல்லாத இடத்துக்குக் கேமரா வாங்குகிறவர்களுக்கு: நான் ஏமாந்த கதை

சென்ற செப்டம்பரில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் எட்டு நாள் நடைப்பயணம் போனேன். அதற்காகவே சென்னையில் ஒரு கடையில் 58,000 ரூபாய் கொடுத்து ஒரு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவையும், இரண்டு உதிரி பேட்டரிகளையும், வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏறும் என்று சொல்லப்பட்ட ஒரு பவர் பேங்கையும் வாங்கினேன். நான்காம் நாள் மதியத்துக்குப் பிறகு அந்தக் கேமராவில் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் நடத்தி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதன்முறையாக இமயமலைக்குப் போன எனக்கு நேர்ந்தது வேறு எவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் நான் சொன்ன முதல் செய்தியே, போகிற இடத்தில் எட்டு நாளும் மின்சாரம் இருக்காது என்பதுதான். படத்தின் தரம், லென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். விற்பனையாளர், "கவலையே படாதீங்க சார், இது யூஎஸ்பியிலயே சார்ஜ் ஏறிடும், பவர் பேங்க் ஒண்ணு இருந்தா போதும்" என்றார். நான் தயங்கியதைப் பார்த்து, கேமராவைக் கடையின் கணினியோடு ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார். கேமராவின் பின்புறத்தில் சிறிய விளக்கொன்று மினுக்கியது. அதைக் காட்டி, "பாருங்க, ஏறுது" என்றார். அது சார்ஜ் ஏறுவதற்கான விளக்கல்ல, மெமரி கார்டில் உள்ள படங்களைக் கணினி படிக்கும்போது மினுக்குகிற விளக்கு என்பது எனக்குத் தெரிய வந்தபோது நான் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டருக்கு மேலே நின்றிருந்தேன். அந்த மாடலின் யூஎஸ்பி துளை தரவு மாற்றத்துக்கு மட்டுமே உரியது. பேட்டரியைக் கழற்றி, 230 வோல்ட் சுவர்ப் பிளக்கில் செருகுகிற சார்ஜரில் வைத்தால்தான் அது சார்ஜ் ஆகும். கேமராவோடு வந்த கையேட்டில் இது தெளிவாக அச்சாகியிருக்கிறது. வீட்டில் அந்தச் சார்ஜரில் போட்டு நிரப்பிப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன். யூஎஸ்பி வழியாக ஒருமுறையாவது ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

ஜிங்சென்னில் நடையைத் தொடங்கி, இரண்டாம் நாள் கண்டா லா கணவாயைக் கடந்தோம். அன்று மட்டும் நூற்றைம்பது படங்கள் எடுத்தேன். அசல் பேட்டரி அன்று மாலை தீர்ந்தது. ஷிங்கோவில் தங்கிய வீட்டில், இரவு முழுவதும் பவர் பேங்கோடு இணைத்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பேட்டரிக் குறி முந்தைய இரவு இருந்தது போலவே சிவப்பாக இருந்தது. கேபிளில் கோளாறாக இருக்கலாம் என்று நண்பரின் கேபிளையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. உதிரி பேட்டரிகளில் ஒன்று எண்பது படங்களோடு நின்றது. மற்றொன்று மார்க்கா கிராமத்தை நெருங்கும்போது, பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே, பேட்டரியுடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற எச்சரிக்கையைத் திரையில் காட்டிவிட்டு அணைந்துபோனது.

ஐந்தாம் நாள் ஹங்கரில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த வீட்டுக் கூரையில் சூரியத் தகடு இருந்தது, அடுக்களை ஓரத்தில் லாரி பேட்டரி அளவுக்கு ஒரு பேட்டரியும் இருந்தது. வீட்டுக்கார அம்மா, என் முகவாட்டத்தைப் பார்த்து, அவராகவே என்னை அழைத்துப்போய் அந்தப் பெட்டியைக் காட்டினார். விளக்குகளுக்குப் போகும் 12 வோல்ட் இணைப்பு, அதன் பக்கத்தில் கைப்பேசிக்கான யூஎஸ்பி துளை, அவ்வளவுதான். அதை 230 வோல்ட்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இல்லை. என் கையில் இருந்ததோ இரண்டு முள் கொண்ட சுவர்ச் சார்ஜர். மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதை என் பேட்டரிக்குக் கொண்டு சேர்க்க வழியில்லை. ஐந்து வோல்ட்டில் இயங்கும் யூஎஸ்பி பேட்டரிச் சார்ஜர் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது, பையில் இருந்திருந்தால் அன்றிரவே மூன்றையும் ஒவ்வொன்றாக நிரப்பியிருப்பேன். அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பதைக்கூட அந்தக் கடையில் எவரும் சொல்லவில்லை.

மறுநாள் நிமாலிங்கில், கிட்டத்தட்ட 4,800 மீட்டர் உயரத்தில் கூடாரத்தில் தங்கினோம். விடியலில் காங் யட்சே சிகரத்தின் மீது முதல் வெளிச்சம் விழுந்தபோது, எதிர்ச் சரிவில் இருபதுக்கும் மேற்பட்ட பாரல்கள், அதாவது நீல ஆடுகள், மேய்ந்துகொண்டிருந்தன. இந்தப் பள்ளத்தாக்கு 1981-இல் அறிவிக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, பனிச்சிறுத்தைக்குப் பெயர் பெற்றது, அந்தச் சிறுத்தை தின்று வாழ்வது பெரும்பாலும் இந்த ஆடுகளைத்தான் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருந்தோம். ஹங்கரில் சார்ஜ் ஏற்றிய கைப்பேசியில் சில படங்கள் எடுத்தேன். அவற்றில் ஆடுகள் சரளைக் கற்களைப் போல இருக்கின்றன. எதற்காக அந்தக் கேமராவையும் பெரிய லென்ஸையும் எட்டு நாள் முதுகில் சுமந்தேனோ அது நடக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒவ்வொரு பொருளாகச் சோதித்தேன். உதிரி பேட்டரிகளின் மீது கேமரா நிறுவனத்தின் பெயரே அச்சாகியிருந்தது, அசல் என்று சொல்லித்தான் ஒவ்வொன்றுக்கும் 1,900 ரூபாய் வாங்கினார்கள். தெருமுனை நகைக்கடையில் எடை போட்டபோது அசல் 45 கிராம் இருந்தது, மற்ற இரண்டும் 33, 34 கிராம். பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அசலின் எழுத்து கத்தரித்தது போலத் தெளிவாகவும், போலியின் எழுத்து ஓரங்களில் மை கசிந்தும் தெரிகிறது. கடையில் கேட்டபோது, குளிரில் எல்லா பேட்டரியும் அப்படித்தான் என்றார்கள். குளிர் லித்தியம் பேட்டரியின் திறனைத் தற்காலிகமாகக் குறைப்பது உண்மைதான். உள்தடை கூடி, மின்னோட்டம் தடைப்படும். ஆனால் சட்டைப் பைக்குள் வைத்து உடல் சூட்டில் பத்து நிமிடம் இருந்தால் அந்தத் திறன் பெருமளவு திரும்பிவிடும். என் உதிரிகள் தஞ்சாவூர் வெயிலிலும் தொண்ணூறு படங்களைத் தாண்டவில்லை, அதே கேமராவில் அசல் பேட்டரி இருநூற்று நாற்பது எடுத்தது. இந்தச் சோதனைக்குப் பிறகு அவர்களிடம் அந்தப் பதில் இல்லை.

பவர் பேங்கைப் பற்றி இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏமாற்று எங்கும் நடக்கிறது. அதன் முதுகில் கைப்பேசி அளவுக்கு ஒரு சூரியத் தகடு ஒட்டியிருக்கும். ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பில், உச்சி வெயில் நேராக விழுந்தாலும் ஒன்றரை முதல் இரண்டு வாட்டுக்கு மேல் கிடைக்காது. 20,000 மில்லி ஆம்பியர்மணி என்று எழுதியிருப்பதை உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்மணி வரும், அதுதான் அதில் சேமிக்கக்கூடிய மொத்த ஆற்றல். ஒன்றரை வாட்டில் 74 வாட்மணியை நிரப்ப, சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பது மணி நேர உச்சி வெயில் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கிற இடத்திலும் அது ஒன்பது பத்து நாள் வேலை. நடந்துகொண்டே பையின் மீது கட்டித் தொங்கவிட்டால் பாதிகூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு, தகட்டின் அடியிலேயே இருக்கும் பேட்டரி வெயிலில் சூடாகிக் கெடும்.

அந்த 20,000 என்ற எண்ணும் பொய்தான். 5,000 மில்லி ஆம்பியர்மணி கைப்பேசியை அது இரண்டு முறை முழுதாக நிரப்பவில்லை. நியாயமான தயாரிப்பாக இருந்தால் இரண்டரை முறையாவது வர வேண்டும். நல்ல பவர் பேங்கின் மீது, சிறிய எழுத்தில், ஐந்து வோல்ட்டில் உண்மையாக எவ்வளவு வெளியே வரும் என்பதும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். என்னுடையதில் இரண்டுமே இல்லை.

எனக்கு வருத்தம் கூடியது இந்தக் கணக்கை முடித்த பிறகுதான். ஒழுங்கான 20,000 பவர் பேங்க் ஒன்றிலிருந்து, சேதாரம் போக, 45 வாட்மணியாவது பயன்பாட்டுக்குக் கிடைக்கும். என் கேமராவின் பேட்டரி ஏழரை வாட்மணி. அதாவது, அந்த யூஎஸ்பி பேட்டரிச் சார்ஜரும் இருந்திருந்தால், ஐந்தாறு முறை முழுதாக நிரப்பியிருக்கலாம், எட்டு நாளுக்குச் சூரியத் தகடே தேவைப்பட்டிருக்காது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் 100 வாட்மணி வரை தடையில்லை. நான் கேட்டது கிடைக்காத பொருளல்ல, அதைத் தராமல் வேறொன்றைத் தலையில் கட்டினார்கள்.

கேமராவின் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிரர்லெஸ் கேமராவில் நாம் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சென்சாரும் திரையும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவில் காட்சி அந்தக் கண்ணாடி வழியாக நேரே கண்ணுக்கு வருவதால், பார்த்துக் காத்திருப்பதற்குச் செலவு மிகக் குறைவு. 2018-இல் வந்த நிக்கான் டி3500, சிபா என்ற ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் அளவீட்டு முறைப்படி, ஒரு முறை நிரப்பினால் 1,550 படங்கள் எடுக்கும். அதன் பேட்டரி 8.9 வாட்மணிதான், என்னுடையதைவிடச் சற்றே பெரியது. மிரர்லெஸ்தான் வேண்டும் என்பவர்கள் சோனியின் என்பி-எஃப்இசட்100 போன்ற 16 வாட்மணி பேட்டரி போடுகிற மாடலையும், டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுவதையும் கேட்டு வாங்கலாம். ஆனால் டைப்-சி என்றாலே எந்தப் பவர் பேங்கிலும் ஏறும் என்று எண்ணிவிடக் கூடாது. சில மாடல்கள் பவர் டெலிவரி என்ற, கூடுதல் திறனில் சார்ஜ் ஏற்றும் வசதியுள்ள பவர் பேங்கிலிருந்து மட்டுமே ஏற்றிக்கொள்ளும். ஆகவே உங்கள் பவர் பேங்கையும் உங்கள் கேபிளையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். பாதி தீர்ந்த பேட்டரியைப் போட்டு, கேமராவை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் ஏற்றி, குறி உயர்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்கு இடம் தராத கடையில் வாங்காதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது என் தவறு ஒன்றும் வெளிப்பட்டது. நாலாயிரம் ரூபாய் குறைக்கிறோம் என்று சொல்லி அவர்கள் கொடுத்தது பில் அல்ல, ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் மதிப்பீட்டுச் சீட்டு. கேமராப் பெட்டியிலும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எதுவும் இல்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி இவை பெட்டியின் மீது கட்டாயம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் சேவை மையத்தில் விசாரித்தபோது, அந்தத் தொடர் எண் இந்திய விற்பனைக்கு வந்ததல்ல, எனவே உத்தரவாதம் கிடையாது என்றார்கள். என்னைக் காப்பாற்றியவை இரண்டுதான்: யூபிஐ வழியாகச் செலுத்திய பணத்தின் பதிவும், "யூஎஸ்பி சார்ஜிங் ஓகே சார்" என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஒரு வரியும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். அதன் பிறகு பேட்டரிகளுக்கும் பவர் பேங்கிற்குமான தொகையைக் கடை திருப்பிக் கொடுத்தது. கேமராவுக்குத் தர மறுத்ததால், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். போலி பேட்டரிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். அவற்றை அப்படியே படமெடுத்து, எடைச் சீட்டோடு சான்றாக வைத்திருங்கள்.

வரும் ஜூனில் ஸ்பிதிக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை, ஜிஎஸ்டி பில்லோடு, மூன்று அசல் பேட்டரிகளும் ஒரு யூஎஸ்பி சார்ஜருமாக வாங்கியிருக்கிறேன். கையில் வந்த மறுநாளிலிருந்து எட்டு நாள், வீட்டுப் பிளக்கைத் தொடாமல், பெரிய கோயிலிலும் புது ஆற்றங்கரையிலும் நாளொன்றுக்கு நூற்றைம்பது படம் எடுத்துப் பார்த்தேன். முதல் பேட்டரி தீர்ந்ததும், பதிவெண் சரிபார்த்து வாங்கிய புதிய பவர் பேங்கிலிருந்து அதை நிரப்பினேன், மூன்றரை மணி நேரம் ஆயிற்று. எட்டாம் நாள் இரவு மூன்றாவது பேட்டரி உறையிலிருந்து வெளியே எடுக்கப்படாமலேயே இருந்தது.