பீக்கன் ஹில்லில் கடனில் மூழ்கிய வீடு: ஏலத்திலா, வங்கியிடமா, அதற்கு முன்பேயா?

பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில்லில் நடந்து போனால் வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கும் ஒரு கணம் ஆசை வரும். செங்கல் பாவிய நடைபாதை, இன்றும் எரிவாயுவில் எரியும் தெருவிளக்கு, ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்கும் ஏறத்தாழ 200 வருடத்து வீடுகள். அவற்றில் ஒன்றின் சொந்தக்காரர் கடன் கட்டத் தவறிவிட்டார், வீடு ஃபோர்குளோஷருக்குப் போகிறது, அதாவது அடமானம் பிடித்த வங்கி அதை விற்றுக் கடனை எடுக்கப் போகிறது என்று காதில் விழுந்தால் ஆசை உடனே கணக்குப் போட ஆரம்பிக்கும். எவ்வளவு குறைத்துக் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வீடு எதன் மேல் நிற்கிறது என்பது இரண்டாவது.

விலையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு இந்த நகரத்தில் ஃபோர்குளோஷர்கள் குவிந்தது டார்செஸ்டர், மேட்டப்பன், ராக்ஸ்பரி பக்கங்களில். பீக்கன் ஹில்லில் அப்படி ஒரு வீடு வருவதே அபூர்வம். வந்தாலும் ரொக்கத்தோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் என்ற நினைப்போடு இங்கே இறங்க வேண்டாம்.

வாங்க மூன்று வழிகள் உண்டு. கடன் பாக்கியைவிட விலை குறைவாக இருந்தாலும், ஏலத்துக்கு முன்பே வங்கியின் சம்மதத்தோடு சொந்தக்காரரே விற்பது ஷார்ட் சேல். அடுத்தது ஏலம். ஏலத்தில் வெளியார் யாரும் போதுமான விலை கேட்காமல் வங்கியே எடுத்துக்கொண்டு, பிறகு தரகர் மூலம் விற்பது ஆர்.இ.ஓ.

ஏலம் வீட்டு வாசலிலேயே நடக்கும். நடைபாதையில் நின்றபடி ஏலக்காரர் அறிவிப்பை வாசிப்பார். அதில் குறித்த முன்பணத்துக்கு வங்கிக் காசோலையைக் காட்டினால்தான் விலை கேட்க முடியும். பல அறிவிப்புகளில் அது 5,000 அல்லது 10,000 டாலர். மீதியைப் பெரும்பாலும் 30 நாளில் கட்ட வேண்டும், தவறினால் முன்பணம் போச்சு. ஒரு முறை நண்பருக்குத் துணையாகப் போய் நின்றேன். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மூடிய கதவையும் மூன்று மாடி ஜன்னல்களையும் பார்த்தபடி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், மனிதர்கள் பெரிய தொகைகளைச் சொன்னார்கள். நண்பர் கையைத் தூக்கவில்லை. அவர் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

காரணம் அந்த முதல் கேள்வி. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபோர்குளோஷருக்கு நீதிபதியின் தீர்ப்பு தேவையில்லை. அடமானப் பத்திரத்திலேயே விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கும். மூன்று வாரம் தொடர்ந்து நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து (முதல் அறிவிப்பு ஏலத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பு) வங்கியே ஏலம் விடலாம். வேலை சுலபம்தான். ஆனால் எல்லாம் முறைப்படி நடந்ததா என்று ஏலத்துக்கு முன் எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. பத்திரத்தில் பிழை இருந்தால் அது அப்படியே வாங்குபவரோடு வரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் 2007இல் ஏலம் போன இரண்டு வீடுகளின் வழக்கில், 2011 ஜனவரியில் இம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஏலங்கள் செல்லாது என்றது. ஏலம் விட்ட வங்கிகளின் பெயருக்கு அந்த அடமானம் மாறியிருந்ததற்கு அப்போது உரிய ஆதாரம் இல்லை. அங்கே ஏலத்தில் எடுத்தவையும் வங்கிகளே, அதனால் நஷ்டம் அவற்றோடு நின்றது. அதே வருடம் அக்டோபரில் வந்த அடுத்த தீர்ப்புதான் நம்மைப் போன்றவர்களுக்கானது. ஹேவரிலில் ஒருவர் 2006இல் வங்கியிடமிருந்தே, அதாவது ஆர்.இ.ஓ.வாக, பணம் கொடுத்து வீடு வாங்கியிருந்தார். அடமானம் தன் பெயருக்கு எழுதி மாற்றப்படும் முன்பே வங்கி ஏலம் விட்டிருந்தது. வங்கிக்கே சேராத வீட்டை வங்கி விற்றிருக்கிறது, ஆகவே இவருக்கும் அதில் உரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

வங்கியிடம் வாங்கினால் வில்லங்கம் இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். அந்தத் தீர்ப்பைப் படித்தபின் அது போய்விட்டது. பத்திரத்தைப் பொறுத்தவரை ஏலமும் ஆர்.இ.ஓ.வும் ஒரே நோய் உள்ள இரண்டு உடம்பு. இரண்டிலும் உங்கள் உரிமை அந்த ஒரு ஏலத்தின் மேல்தான் நிற்கிறது. ஷார்ட் சேலில் அந்தக் கண்ணியே கிடையாது. சொந்தக்காரர் கையெழுத்துப் போடுகிறார், வங்கி அடமானத்தை விடுவிக்கிறது, நம் ஊர்க்காரர்கள் தாய்ப்பத்திரம் பார்க்கிற மாதிரி பார்த்து வாங்கிவிடலாம்.

2015இல் வந்த சட்டம் கொஞ்சம் ஆறுதல் தந்தது. ஏலம் முறையாக நடந்ததாகச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் பதிவாகி மூன்று வருடம் ஆகியிருந்து, அதற்குள் யாரும் எதிர்வழக்கைப் பதிவு செய்யாமலும் இருந்தால், வெளியாளாக விலை கொடுத்து வாங்கியவரின் உரிமை உறுதியாகும். பழைய ஏலம் ஒன்று பத்திர வரிசையில் இருக்கிற வீட்டை இன்று வாங்குபவருக்கு இது பெரிய உதவி. போன மாதம் ஏலம் போன வீட்டுக்கு உதவாது. ஆர்.இ.ஓ. ஏலத்தை முந்துவது இந்த இடத்தில்தான்: வழக்கறிஞரை வைத்து அடமானம் யார் யார் கைக்கு, எந்தத் தேதியில் மாறியது என்று தோண்டவும், வீட்டின் உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் டைட்டில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழுக் காப்பீடு தருமா என்று கேட்கவும் நேரம் கிடைக்கும். அந்த ஒரு ஏலத்தை மட்டும் விலக்கிவிட்டுப் பாலிசி தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சார்ல்ஸ் தெருவுக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய தட்டை நிலம் ஒரு காலத்தில் தண்ணீர். 19ஆம் நூற்றாண்டில் நிரப்பி எடுத்தது. பக்கத்துப் பேக் பே முழுவதும் அப்படித்தான். இந்த இரண்டு இடங்களிலும் பழைய வீடுகள் மண்ணில் அடித்து இறக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. பேக் பேயில் காப்லி சதுக்கத்தின் டிரினிட்டி சர்ச்சுக்கு அடியில் மட்டும் சுமார் 4,500 மரத்தூண்கள். நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை மரம் கெடாது. சாக்கடைக் குழாய்க் கசிவாலோ சுரங்கப்பாதையாலோ நீர்மட்டம் இறங்கினால் தூணின் தலை காற்றுப்பட்டு உளுத்துப்போகும், மேலே சுவர் விரிசல் விடும். 1980களில் இந்தத் தட்டை நிலத்துப் பிரிம்மர் தெரு வீடுகளில் இது நேர்ந்தது. உளுத்த தலைகளை வெட்டி எடுத்து அடியில் கான்கிரீட் கட்டுவது லட்சக்கணக்கான டாலர் வேலை. குறைந்த விலையில் மிச்சம் பிடித்ததை அது ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

தூண் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரே வழி, அடித்தளத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பது. ஷார்ட் சேலில் சொந்தக்காரர் இசைந்தால் தோண்டலாம், ஆர்.இ.ஓ.வில் வங்கியிடம் எழுதி அனுமதி கேட்கலாம். ஏலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. குன்றின் சரிவில் இருக்கும் வீடுகள் கெட்டியான மண்மேல் நிற்பவை, ஆகவே ஒரே பெயருள்ள பகுதியில் ஒரு தெரு தள்ளினாலும் கணக்கு மாறும்.

ஏலத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே நுழையாமலே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைக்கூடப் பார்க்காமல் பலர் வருகிறார்கள். 1986இல் தொடங்கிய பாஸ்டன் கிரவுண்ட்வாட்டர் டிரஸ்ட் தன் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. சஃபோக் மாவட்டப் பதிவகத்தில் அடமானம் கைமாறிய வரிசையைப் படிக்கலாம். வரி பாக்கி, தண்ணீர்க் கட்டண பாக்கியை நகராட்சியிடம் சான்று வாங்கித் தெரிந்துகொள்ளலாம், ஏலத்தில் எடுத்தால் அவை உங்கள் தலையில். அடுக்குமாடிப் பிரிவாக இருந்தால் ஆறு மாதப் பராமரிப்புக் கட்டண பாக்கிக்கு முதல் அடமானத்தையே முந்தும் உரிமை வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்துக்கு உண்டு. வரி பாக்கிக்காக மத்திய அரசின் வருமான வரித்துறை வீட்டின் மேல் பதிந்த உரிமை, அந்த அடமானத்துக்கு அடுத்த வரிசையில் இருந்தால், ஏலம் முடிந்து 120 நாள்வரை அத்துறை வீட்டை மீட்டுக்கொள்ளலாம்.

தெருவிலிருந்தே பார்க்க வேண்டிய இன்னொன்று முகப்பு. 1955 முதல் இது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி. பொதுவழியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் எதை மாற்றினாலும், கதவின் நிறமானாலும் ஜன்னல் சட்டமானாலும், பீக்கன் ஹில் கட்டடக்கலை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். முந்தையவர் கேட்காமல் மாற்றியிருந்தால் சரிசெய்யும் வேலை இன்றைய சொந்தக்காரரிடம் வந்து நிற்கும். மூன்று வழியிலும் இது ஒன்றே. வீட்டுக்குள் செய்வதில் ஆணையம் தலையிடாது. ஈயம் கலந்த பழைய பெயின்ட் பற்றிய சட்டம் தலையிடும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அதையும் செலவில் சேருங்கள்.

உள்ளே ஆள் இருந்தால் ஏலம் இன்னும் கடினம். 2018இல் நிரந்தரமாக்கப்பட்ட மத்திய சட்டப்படி உண்மையான வாடகைக்காரருக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் தர வேண்டும், ஒப்பந்தக் காலம் மிச்சமிருந்தால் பெரும்பாலும் அதை மதிக்கவும் வேண்டும். பழைய சொந்தக்காரரே வெளியேற மறுத்தால் நீதிமன்றம்தான் போக வேண்டும், பூட்டை மாற்றக்கூடாது. அந்த வழக்கிலேயே அவர் ஏலம் செல்லாது என்று வாதாடலாம். அப்போது வங்கி செய்த தவறுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு பக்கம், வெளியே போகப்போவது ஒரு குடும்பம் என்பதும் என் மனதில் உறுத்துகிறது. ஷார்ட் சேலை நான் விரும்புவதற்கு அதுவும் காரணம்: அவர்களே கையெழுத்திட்டுச் சாவியைத் தருகிறார்கள், அவர்களுடைய கடன் வரலாற்றில் ஃபோர்குளோஷர் என்ற பதிவு விழுவதில்லை.

ஷார்ட் சேலின் குறை காத்திருப்பு. வங்கி பதில் சொல்ல மாதங்கள் ஆகலாம், இரண்டாம் அடமானம் வைத்திருப்பவர் ஒப்பாவிட்டால் எல்லாம் கவிழலாம், நீங்கள் காத்திருக்கும்போதே ஏலத் தேதியும் வந்துவிடலாம். வாடகை வீட்டில் பொறுமையாக இருக்க முடிந்த குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். அடுத்து ஆர்.இ.ஓ., டைட்டில் காப்பீடு முழுமையாகக் கிடைத்தால் மட்டும். ஏலம், கையில் முழு ரொக்கமும் ஓரிரண்டு வருட வழக்கைத் தாங்கும் தெம்பும் இருப்பவருக்கு. அதிலும் குன்றின் சரிவில் இருக்கும் வீடு என்றால் யோசிக்கலாம். தட்டை நிலத்து வீடு என்றால், சோதனைக் குழி தோண்ட விடாத யாரிடமும் நான் வாங்க மாட்டேன்.